ஜெனரேட்டரில் எந்தெந்தச் சுற்றுகளை இணைக்கலாம்?

கேள்வி: மின்தடைக்காக 3 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் எங்கள் டிபி பெட்டியில் எட்டு எம்சிபிகள் (ஒவ்வொரு சுற்றுக்குமான பாதுகாப்பு சுவிட்சுகள்) உள்ளன. குளிர்சாதனப் பெட்டி, ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார், ஏசி, வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றுடன், என் தாயாருக்கான ஆக்சிஜன் செறிவூட்டியும் வீட்டில் ஓடுகிறது. எவற்றை இணைக்கலாம், எவற்றை விட்டுவிடலாம்?

பதில்: உங்கள் தாயாரின் அறைக்குச் செல்லும் சுற்றுக்கு ஜெனரேட்டரில் முதலிடம் கொடுத்துவிடுங்கள், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டில் பயன்படும் செறிவூட்டி பெரும்பாலும் 300 முதல் 400 வாட் வரை எடுத்துக்கொள்ளும். ஜெனரேட்டரை இயக்கும் வரையிலான நிமிடங்களுக்கும், அதுவே பழுதாகி நிற்கக்கூடிய நாளுக்கும் சேர்த்து, நிரப்பிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும்.

3 கேவிஏ என்பது 0.8 திறன் காரணியில் (கேவிஏவில் உண்மையில் பயன்படும் பங்கு) 2.4 கிலோவாட்தான். அதிலும் முழு அளவுக்குச் சுமை ஏற்றாமல், தொடர்ந்து ஓடும் சுமையை 2 கிலோவாட்டுக்குள் நிறுத்துவது நல்லது. இந்தக் கணக்கிலேயே வாட்டர் ஹீட்டரும் ஏசியும் விலகிவிடுகின்றன.

மோட்டார்தான் பலரும் ஏமாறும் இடம். ஓடும்போது ஏறத்தாழ 1 கிலோவாட் எடுக்கும் ஒரு குதிரைத்திறன் மோட்டார், புறப்படும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டாலும்கூட உங்கள் ஜெனரேட்டர் அதைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. செறிவூட்டி ஓடும் வீட்டில் அந்தச் சோதனையே வேண்டாம். மின்சாரம் இருக்கும்போதே தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியை இணைக்கலாம், ஆனால் அது இடைவிடாமல் ஓட வேண்டியதில்லை. கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் தங்கும். ஆகவே, சுமை மிகும்போது முதலில் நிறுத்த வேண்டியது அதுவே. விளக்குகளும் மின்விசிறிகளும் உள்ள சுற்றுகளை யோசிக்காமல் சேர்க்கலாம்.

நாம் கருவிகளை எண்ணித் தேர்ந்தெடுக்கிறோம். டிபி பெட்டியோ அறைகளையும் பழைய வயரிங்கையும் ஒட்டிப் பிரிந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு எம்சிபியாக அணைத்து, எந்தெந்த விளக்கும் பிளக் பாயிண்டும் நின்றுபோகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். செறிவூட்டி இருக்கும் சுற்றிலேயே ஏசியின் பாயிண்டும் இருப்பது தெரிந்தால், அதைப் பிரித்துத் தனிச் சுற்றாக்கிய பிறகே மேலே செல்ல வேண்டும்.

கேள்வி: தேர்ந்தெடுத்த சுற்றுகளின் ஃபேஸ் வயரை மட்டும் ஜெனரேட்டருக்கு மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் எலெக்ட்ரீஷியன். சரிதானா?

பதில்: போதாது. அந்தச் சுற்றுகளின் நியூட்ரலும் மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்டு, ஃபேஸ், நியூட்ரல் இரண்டும், வீட்டை மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக ஒரே நேரத்தில் மாற வேண்டும். நியூட்ரல் கலந்திருந்தால், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். அணைந்திருப்பதாக நாம் நம்பும் கம்பியில் மின்னோட்டமும் இருக்கக்கூடும். சுவர்ப் பிளக்கில் ஜெனரேட்டர் வயரைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பழக்கத்தை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருமுறை மறந்தாலும் அந்த மின்சாரம் தெருவுக்குப் பாய்ந்து, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக உயர் அழுத்தமாக மாறி, கம்பியில் வேலை செய்பவரின் உயிரைப் பறித்துவிடும்.

ஜெனரேட்டரைத் திறந்த வெளியில், கதவு, ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு அது மேலும் ஆபத்தானது. இணைப்பு முடிந்ததும், மின்சாரம் உள்ள ஒரு நாளிலேயே சேஞ்ச்ஓவரை மாற்றி, குளிர்சாதனப் பெட்டி புறப்படும்போது செறிவூட்டி தடுமாறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனையின்போது தாயாருக்குச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் போகட்டும்.