முயலின் ரோமமும் பத்தாம் எண் ஊசியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமவெளியில் முயல் வளர்த்துப் பட்ட பாட்டை நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள்; அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானல் மேல்மலையில் ஐந்து ஒயிட் ஜெயண்ட் முயல்களை வளர்க்கிறேன். வாரத்தில் மூன்று மாலைகள் பின்னல் வகுப்புக்கும் போகிறேன். சென்ற வாரம் இரண்டு முயல்கள் அடுத்தடுத்த நாள்களில் ஈன்று, மொத்தம் 13 குட்டிகள். தாய்கள் குட்டிகள் கிடக்கும் பெட்டிப் பக்கமே போகாததால் இரவும் பகலும் காவலிருந்தேன். இரண்டு வகுப்புகள் தவறிவிட்டன. இதற்கிடையில் ஓர் அமெரிக்கப் பின்னல் குறிப்பைப் பார்த்து, அதில் சொன்ன 10ஆம் எண் ஊசியிலேயே பேரனுக்குப் பின்னிய ஸ்வெட்டர், பொம்மைக்குப் போடும் அளவில் வந்து நிற்கிறது. என் முயல்களின் ரோமத்தை நூலாக்கிச் சால்வை பின்ன வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அது நடக்குமா, அல்லது இரண்டில் ஒன்றை இப்போதே விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகி,
கொடைக்கானல்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வாரத்தை விழுங்கியது முயல்கள் அல்ல, உங்கள் கவலை என்றே எனக்குத் தோன்றுகிறது. தாய் முயல் குட்டிகளோடு படுத்துக் கிடக்கும் விலங்கு அல்ல. ஒரு நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, பெரும்பாலும் ஆள் அரவமில்லாத இரவிலோ விடியலிலோ பெட்டிக்குள் புகுந்து, நான்கைந்து நிமிடங்களில் பாலூட்டிவிட்டு விலகிக்கொள்ளும். காட்டில் வளைக்கருகே தங்கினால் வாசனை பிடித்து எதிரி வந்துவிடும் என்பதால் ஏற்பட்ட பழக்கம் அது. கூண்டுக்கு வந்த பிறகும் போகவில்லை. பகலெல்லாம் ஒதுங்கியிருக்கும் தாயைக் கண்டு நானும் ஒரு காலத்தில் குட்டிகளுக்குப் பசும்பால் புகட்டி, அதனாலேயே இரண்டைப் பறிகொடுத்தேன். காலையில் ஒருமுறை கையைச் சுத்தமாகக் கழுவி, தாயின் படுக்கை வைக்கோலில் தேய்த்துக்கொண்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். குட்டிகளின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமின்றி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் பால் கிடைத்திருக்கிறது என்று பொருள். இறந்தது ஏதேனும் இருந்தால் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். பத்தாம் நாளை ஒட்டிக் கண் திறக்கும் வரை அவற்றுக்கு உங்களிடமிருந்து வேண்டியது இருட்டும் கதகதப்பும் எலி புகாத பெட்டியும்தான். நீங்கள் காவலிருந்த நேரத்தில் தாய் உள்ளே போகத் தயங்கியிருக்கவும் கூடும்.

சால்வை விஷயத்தில் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. மன்னவனூரில் 1965 முதல் இயங்கும் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உங்களுக்கு அருகில் இருப்பதால் எழுந்த ஆசையாக இருக்கலாம். ஆனால் அங்கு வளர்க்கப்படும் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஆகியவை இறைச்சிக்கான இனங்கள். அவற்றின் முடி கட்டையானது, முறுக்கினால் பிடித்து நிற்காது. நூலுக்குரியது அங்கோரா முயல். துருக்கியின் தலைநகரான அங்காராவின் பழைய பெயரே அது. (அதே பெயருடைய ஆட்டின் ரோமத்துக்கு மொஹேர் என்று பெயர், அது வேறு.) இந்தியாவில் அங்கோரா வளர்ப்பு வேரூன்றியது இமாசலத்தின் குலு போன்ற குளிர்ப் பகுதிகளில்தான். ஏறக்குறைய 75 நாள்களுக்கு ஒருமுறை கத்தரித்து எடுக்கும் அந்த ரோமமும்கூட, செம்மறிக் கம்பளியில் உள்ள இயல்பான சுருள் இல்லாததால் தனியே நூற்றால் தளர்ந்து தொங்கும். ஆகவே பெரும்பாலும் கம்பளியோடு கலந்தே நூற்கிறார்கள். அதோடு நாள்தோறும் சீவிவிடும் வேலையும் சேரும். நீங்கள் சிக்கியிருக்கும் நிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் முயல் ரோமம் தருவது ஒரே ஒரு வேளையில்தான்: ஈனுவதற்குச் சற்று முன்பு தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கிக் குட்டிகளுக்குப் படுக்கை போடும்போது. அதைச் சால்வைக்கென்று எடுத்துவிடாதீர்கள்.

ஸ்வெட்டர் சிறியதாக வந்ததற்கு உங்கள் கை காரணமல்ல. நம் கடைகளில் இன்றும் பழைய பிரிட்டிஷ் எண் முறையில்தான் ஊசி கேட்கிறோம். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர் என்றால் 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே 10 என்பது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி. ஏறத்தாழப் பாதித் தடிமனில் பின்னியிருக்கிறீர்கள், ஸ்வெட்டர் பொம்மைக்குப் போனதில் வியப்பில்லை. இனி எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். தொடங்குமுன், அதே நூலில் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்று எண்ணி, குறிப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அரைமணி வீணாகிறதே என்று தோன்றும். ஒரு முழு ஸ்வெட்டரைப் பிரிப்பதோ அதைவிட நீண்ட வேலை, இந்நேரம் அதைத்தான் செய்துகொண்டிருப்பீர்கள்.

எனவே எதையும் விட வேண்டாம். தீவனமும் தண்ணீரும் காலை மாலை, பெட்டிச் சோதனை ஒருமுறை, அவ்வளவோடு முயல்களைத் தனியே விடுங்கள்; வகுப்பு மாலைகள் தாமாக மீளும். அடுத்த முறை இரண்டு பெண் முயல்களையும் ஒரே நாளில் இணை சேர்த்தால், 28ஆம் நாள் பெட்டி வைத்து, ஏறக்குறைய 31ஆம் நாள் ஈற்றை ஒரே மூச்சில் கடந்துவிடலாம். பால் போதாத தாயிடமிருந்து சில குட்டிகளை மற்றதன் பெட்டிக்கு மாற்றவும் முடியும்.

கூண்டருகே அமர்ந்து பின்னும் பழக்கம் இருந்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஒருமுறை கம்பியோரம் மறந்துவைத்த உல்லன் உருண்டையை ஒரு முயல் இழுத்து மென்றுவிட்டது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்து மூன்றாம் நாள் இறந்துபோனது. உங்கள் நூல் பையைச் சுவரில் உயரமாக ஆணியடித்து மாட்டுங்கள்.