ஒன்றரை வயதுக் குழந்தைக்கு காரில் தனி சீட் தேவையா? மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. நானும் மடியே போதும் என்று இருந்தவன்தான். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போக இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். ஒரு நாள் வில்லுக்குறி பக்கம் பைக் ஒன்று குறுக்கே வர, சட்டென்று பிரேக் போட்டேன். வேகம் நாற்பதுகூட இருக்காது. முன்சீட்டில் மனைவி மடியிலிருந்த மகள் நழுவிப்போய் டேஷ்போர்டில் முட்டினாள். உதட்டில் சின்னக் காயம்தான். "இறுக்கித்தானே பிடிச்சிருந்தேன்" என்று மனைவி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் மேல் தப்பே இல்லை. நாற்பதில் போகும் வண்டி எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 110 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். யாருக்கு இருக்கிறது? தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது அதைவிட மோசம். அம்மாவின் எடை முழுக்கக் குழந்தை மேல்தான் இறங்கும்.

சீட்டை பின்வரிசையில் மாட்டுங்கள். ஒன்றரை வயதுக்கு, சீட்டின் எடை, உயர அளவு இடம் கொடுக்கும்வரை, குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருப்பதே நல்லது. கழுத்துக்கு அடி குறையும். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் அப்படி மாட்டவே கூடாது. காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது குழந்தை சீட்டை காரோடு நேராகப் பூட்டும் கொக்கி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டியபின் அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பழைய சீட் மலிவாகக் கிடைத்தாலும், விபத்தில் சிக்கியதா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ தனி சீட்டோ இல்லாவிட்டால் அபராதம் 1000 ரூபாய்.

அப்புறம் அழுகை. முதல் நான்கைந்து தடவை எங்கள் வீட்டிலும் ஊரைக் கூட்டினாள். "பிள்ளையைக் கட்டிப்போட்டா கொண்டு போவ?" என்று அம்மா என்னோடு சண்டை. அழுகை அடங்காவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், ஓடும் வண்டியில் கழற்ற வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிள் சுடும். சீட் மேல் ஒரு துவர்த்தை (துண்டை) போட்டு வையுங்கள். இப்போது திருவனந்தபுரம் போனால், மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போதே தூங்கிவிடுகிறாள்.