விண்கலத்தில் சாதி ஏறுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உரை ஒன்றில் கேள்விப்பட்டு ரோஜர் ஜெலாஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’ நாவலை வாசித்தேன். பாதி வரை பிரமிப்புதான். அதன் பிறகு ஒரு கேள்வி தொந்தரவு செய்யத் தொடங்கியது. விண்கலம் ஏறி வேறொரு கிரகத்தில் குடியேறும் அளவுக்கு அறிவியல் கைவந்தவர்களிடம் சாதி எப்படி மிஞ்சும்? பூமியோடு தொடர்பே அற்றுப்போன கூட்டத்தில் அது இரண்டு தலைமுறையில் கரைந்திருக்க வேண்டாமா? நம் புராணங்களின் வண்ணத்துக்காக மட்டுமே ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டாரோ என்று தோன்றுகிறது. நானும் ஒரு குடியேற்றக் கிரகத்தை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் சாதியைக் கொண்டுவந்தால் செயற்கையாகத் தெரியுமா?

அன்புடன்,
ஒரு பொறியியல் மாணவன், திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

சாதி என்பது அறியாமையின் எச்சம், அறிவியல் வளர்ந்தால் தானே உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது. உங்கள் வயதில் எனக்கும் அது இருந்தது. அதை என்னிடமிருந்து பறித்த புத்தகங்களில் ஒன்று இந்த நாவல்.

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967இல் வெளிவந்து, மறு ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது பெற்ற நாவல் இது. ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற கலத்தில் வந்து இறங்கியவர்களில் முதல் தலைமுறையினர், உயிரை ஓர் உடலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் எந்திரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு இந்துக் கடவுளர்களாக வேடம் பூணுகிறார்கள். மலைமேல் ஒரு சொர்க்கம் கட்டி அங்கே வாழ்கிறார்கள். கீழே அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஏரோட்டிக்கொண்டும் காசு போட்டு வழிபடும் எந்திரங்களின் முன்னால் நின்றுகொண்டும் இருக்கிறார்கள். மறுபிறவி வேண்டுபவர் கர்ம அதிபதிகளிடம் போக வேண்டும். அவர்கள் அவருடைய மனத்தைக் கருவியால் துருவிப் பார்த்து, கடந்தகாலத்தைப் படித்து, அடுத்த உடலைத் தீர்மானிப்பார்கள். அடங்கி நடந்தவனுக்கு நல்ல உடல் கிடைக்கும். கேள்வி கேட்டவன் நோயுள்ள உடலிலோ விலங்கின் உடலிலோ விழிப்பான். சொர்க்கத்தின் ஆவணக் காப்பாளனாக இருந்த டாக், சாம் என்ற கலகக்காரனுக்கு உதவியதற்காகக் குரங்காக்கப்படுகிறான்.

இதை வெறும் வண்ணம் என்று எப்படிச் சொல்வது? சாந்தோக்ய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் இடம் உண்டு. நன்னடத்தை உடையவர்கள் பிராமண, சத்திரிய, வைசியக் கருவில் பிறப்பார்கள், தீய நடத்தை உடையவர்கள் நாயின், பன்றியின், சண்டாளரின் கருவில் பிறப்பார்கள் என்கிறது அது. நாய், பன்றி, சண்டாளர் மூவரும் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஜெலாஸ்னி செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வாக்கியத்துக்கு ஓர் எந்திரத்தைக் கட்டி, அதை இயக்குகிறவர்களின் முகத்தைக் காட்டினார். நன்னடத்தை எது என்று எழுதுகிறவரும், கணக்குப் பார்க்கிறவரும், அதனால் பலன் பெறுகிறவரும் ஒருவரே என்பது அந்தக் கணத்தில் வெளிச்சமாகிவிடுகிறது.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு நந்தனார் நினைவு வந்தது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் எனப்படும் அவரால் இருந்தபடியே தில்லைக்குள் நுழைய முடிவதில்லை. தீயில் மூழ்கி, அந்த உடலை விட்டு, பூணூல் அணிந்த மறைமுனிவராக எழுந்த பிறகே அவருக்கு வாசல் திறக்கிறது. உடல் மாற்றும் எந்திரத்தை நாம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டோம், தம்பி. சேக்கிழாரின் பக்தி எனக்குப் பெரிது. அந்தத் தீ எனக்கு ஆறாத வலி.

அடுத்து, தனிமைப்பட்ட குடியேற்றத்தில் சாதி கரையுமா என்ற கேள்வி. இதற்குக் கிரகம் வரை போக வேண்டாம், கப்பல்கள் போதும். 1834 முதல் மொரீசியசுக்கும், 1879 முதல் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். கப்பல் தளத்தில் ஒரே சமையல், ஒரே தண்ணீர்ப் பீப்பாய். ஒன்றாகப் பயணித்தவர்கள் ஒருவரையொருவர் ‘ஜஹாஜி பாய்’, அதாவது கப்பல் சகோதரன் என்று அழைத்துக்கொண்டார்கள். பிஜி போன கப்பல்களில் 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பது விதி. சாதிக்குள்ளேயே மணமுடிக்க அங்கே வழி ஏது? கரும்புத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கத்தி, ஒரே வேலை. முழுவதும் அழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரில் இருந்த கட்டு அங்கே தளர்ந்துபோனது. அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

இலங்கை மலையகத்தில் நடந்தது வேறு. அங்கே ஆள் சேர்த்தவர் கங்காணி. தன் சொந்தபந்தம், தன் ஊர், தன் ஊரைச் சுற்றியிருந்த சாதிகள் என்று குழுக்குழுவாக அழைத்துப் போனார். குடும்பத்தோடு போனார்கள், ஊருக்கு வந்து போகவும் முடிந்தது. ஊரின் வரிசை அப்படியே மலை ஏறியது. என் பாட்டி அங்கே கொழுந்து பறித்தவர். மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எழுபதுகளில், குடும்பத்தோடு நீலகிரியின் கூடலூருக்கு அனுப்பப்பட்டார். பெரிய கங்காணி வீடு எங்கே, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் மேல் லயத்தில் யார், கீழ் லயத்தில் யார் என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டுவார். மலையில் கூடை எல்லோர் முதுகிலும் ஒரே கூடைதான். பொழுது சாய்ந்து, தண்ணீர் பிடிக்கும் இடமான பீலிக்கரைக்கு வந்தால், மேல் லயத்துக் குடங்கள் நிறையும் வரை கீழ் லயத்துப் பெண்கள் தள்ளி நிற்க வேண்டும். பாட்டி தள்ளி நின்றவர்களில் ஒருவர். எண்பது வயதில் இதைச் சொல்லும்போதும் அவர் கை இடுப்பில் இல்லாத குடத்தை அணைத்துக்கொள்ளும்.

ஆகவே பயணத்தின் தூரம் எதையும் தீர்மானிப்பதில்லை. யார் ஆள் சேர்த்தார், யார் பெயரேட்டை வைத்திருந்தார், மணத்தை யார் முடித்துவைத்தார், தண்ணீர் யார் பிடியில் இருந்தது என்பவைதான் தீர்மானித்தன. அறிவியல் அறிவும் அப்படித்தான். 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டிவந்தது. மென்பொருள் நிறுவனங்களால் அறியப்படும் நகரம் அது.

இந்த நாவலோடு எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கலகக்காரனான சாம், கடவுளர்களின் மதத்தை எதிர்க்கப் புத்தரின் போதனையைக் கையில் எடுக்கிறான். அவனே அதை நம்பவில்லை. அது அவனுக்கு ஓர் ஆயுதம். அவனும் முதல் தலைமுறையைச் சேர்ந்தவன், மேலிருந்து இறங்கி வந்தவன். கீழே இருப்பவர்கள் விடுவிக்கப்படக் காத்திருக்கிறார்கள், அவ்வளவே. நிஜத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1898இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவினார். பல ஆண்டுகள் படித்து, எழுதி, விவாதித்து வந்து சேர்ந்த முடிவு அது. யாரும் மலையிலிருந்து இறங்கிவந்து அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

ஜெலாஸ்னிக்கு இது உள்ளூரத் தெரிந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன், ரில்ட் என்ற பாத்திரத்தால். சாமைக் கொல்ல அனுப்பப்பட்டவன் ரில்ட். நோயில் விழுந்து, பிழைத்து, அவனுக்கே சீடனாகிறான். குரு நம்பாத சொற்கள் சீடனுக்குள் உண்மையாகிவிடுகின்றன. இவனே மெய்யான புத்தன், நான் போலி என்று சாமே உணர்கிறான். நாவலின் மிக உயர்ந்த பகுதி அது. ஆனால் யமன் ரில்டை விரைவில் கொன்றுவிடுகிறான். கதை மறுபடியும் கடவுளர்களின் போருக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டாம் முறை வாசித்தபோது அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மீண்டும் எடுக்க ஒரு வாரம் ஆனது.

உங்கள் கதையில் சாதியைத் தயங்காமல் கொண்டுவாருங்கள். நான்கு வருணங்களின் பெயரை மாற்றி நான்கு நிற உடைகளை மாட்டிவிடுவதாக மட்டும் இருக்கக் கூடாது. செயற்கையாகத் தெரிவது அதுதான். கலம் புறப்படும் முன் பயணிகளின் பட்டியலை யார் எழுதினார் என்று யோசியுங்கள். காற்றைச் சுத்திகரிக்கும் கருவியைப் பழுதுபார்க்க யாருக்குக் கற்றுத் தரப்பட்டது, கழிவுத் தொட்டிக்குள் இறங்குபவரின் மகள் எந்த வகுப்பில் உட்கார அனுமதிக்கப்பட்டாள் என்று யோசியுங்கள். கதையைச் சொல்பவள் அந்த மகளாகவே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள், உடனே வாசிக்கிறேன். அந்தக் கிரகத்திலும் ஒரு பீலிக்கரை இருக்கும். அங்கே யார் குடம் முதலில் நிறைகிறது என்பதை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா