சிசேரியனுக்கு முன்பே ஆன்டிபயாடிக் ஊசி எதற்கு? வீட்டுக்கு வந்தபின் மாத்திரை வேண்டாமா?

வயிற்றையும் கர்ப்பப்பையையும் திறக்கிறார்கள். எவ்வளவு சுத்தம் செய்தாலும் தோலிலும் பிறப்புறுப்பிலும் இருக்கும் கிருமிகள் உள்ளே போக வழி கிடைத்துவிடும். அதனால் சுகப்பிரசவத்தைவிட சிசேரியனில் தொற்று பல மடங்கு அதிகம். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் காயத் தொற்றும் கர்ப்பப்பை உட்சுவர்த் தொற்றும் பாதிக்கு மேல் குறைகின்றன.

பெரும்பாலும் போடுவது செஃபசோலின், ஒரே டோஸ். முன்பெல்லாம் மருந்து குழந்தைக்குப் போகக் கூடாதென்று தொப்புள்கொடியை வெட்டிய பிறகுதான் போடுவார்கள். ஆனால் கத்தி படும்போதே திசுக்களில் மருந்து இருந்தால்தானே பலன்? ஆய்வுகளும் அதையே காட்டின. குழந்தைக்குக் கூடுதல் கெடுதி தெரியவில்லை. இப்போது கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

வலி எடுத்தோ பனிக்குடம் உடைந்தோ அவசரமாகச் செய்யும் சிசேரியன் வேறு கதை. அமெரிக்காவில் 2016இல் வெளியான பெரிய ஆய்வில், இவர்களுக்கு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்தபோது தொற்று 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது.

சரி, வீட்டில் மாத்திரை? தொற்று இல்லாதவருக்குப் பொதுவாகத் தேவையில்லை. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து நாள் எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் பெருகும். அதற்காக, எழுதிக் கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு.

அப்புறம், காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.