கார்டோமா என்றால் என்ன? அதை ஏன் ஒரே துண்டாக எடுக்கச் சொல்கிறார்கள்?

கார்டோமா என்பது முதுகெலும்பிலும் மண்டையோட்டின் அடி எலும்பிலும் வரும் அரிய புற்றுக்கட்டி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வரும். கருவில் முதுகெலும்பு உருவாகும்முன் அந்த இடத்தில் தண்டு போல ஒரு திசு இருக்கும். அதன் மிச்சம் சிலருக்கு எலும்புக்குள்ளேயே தங்கி, பல வருடம் கழித்து வளர ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் வால் எலும்புக்கு மேலேயோ மண்டையோட்டின் அடியிலோ. மெதுவாக வளர்வதால், 'உட்கார்ந்தா வலிக்கி' என்று தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் வந்தால் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

சரி, ஏன் உடைக்கக் கூடாது? எங்கள் திசையன்விளைப் பக்கம் பனங்காயை அரிவாளால் சீவி நுங்கு எடுப்பார்கள். சுளையைத் தோல் கிழியாமல் நெம்ப வேண்டும். நகம் பட்டாலே தண்ணீர் சிந்திவிடும். கார்டோமாவும் உள்ளே கொழகொழவென்றுதான் இருக்கும். சிந்திய செல்கள் அங்கேயே மறுபடி முளைக்கும். அதனால், முடிந்தவரை சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்தே அறுத்தெடுப்பார்கள். வால் எலும்புப் பக்கத்துக் கட்டி என்றால், சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் பக்கத்திலேயே ஓடுவதால் லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்புறம், 'ஊசி குத்தினால் புற்று பரவும்' என்று பரிசோதனைக்குப் பயந்து ஓடாதீர்கள்: வால் எலும்புப் பக்கத்துக் கட்டியில், அறுவை செய்யப்போகும் மருத்துவரைக் கேட்டு முதுகுப்புறமாகக் குத்தினால், ஊசி போன தடத்தையும் கட்டியோடு சேர்த்தே எடுத்துவிடலாம்.