சேற்றில் காற்றைக் குறைத்தால் டயர் கழலுமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். காப்பித் தோட்டத்துக்குப் போய்வர ஒரு ஜீப் வைத்திருக்கிறேன், ட்யூப்லெஸ் டயர். மழையில் சேறு ஏறுவதற்காகக் காற்றை இறக்கினேன். ஒரு சரிவில் முன் டயர், அதை மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கை விட்டே கழன்றுவிட்டது. பீட்லாக் டிஸ்க் போட்டால் கழலாது என்கிறார்கள். அது எப்படிப் பிடிக்கிறது? எனக்குத் தேவையா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: எத்தனை பவுண்டுக்கு இறக்கினீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. பத்துக்கும் கீழே போயிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டயரின் ஓரத்தில் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது, கடையில் பீடிங் என்போம். அதை டிஸ்க்கின் விளிம்போடு ஒட்டி நிறுத்துவது உள்ளே இருக்கிற காற்றுதான். 30 பவுண்டு இருந்தால் இரண்டு பக்க பீடிங்கையும் விளிம்பில் அழுத்திக்கொண்டே இருக்கும். 10 பவுண்டு ஆக்கினால் அந்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்குதான். காற்று குறைந்தால் டயர் படுத்து, நீளமாக மண்ணைப் பிடிக்கும், வேரையும் கல்லையும் அணைத்துக்கொண்டு ஏறும். அதற்காகத்தான் இறக்குகிறோம். தரையில் பிடிப்பு கூடும்போது டிஸ்க்கில் பிடிப்பு குறைகிறது.

பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு தோட்டப் பாதையில் எனக்கும் இது நடந்திருக்கிறது. பின்னால் மிளகு மூட்டை, வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாயும்போது பாரம் பள்ளத்து டயரில் விழுகிறது. வண்டி டிஸ்க்கை வெளியே தள்ளும், டயரின் அடியை மண் விடாது. அதனால் டயர் வண்டிக்கு உள்பக்கமாக நழுவி, வெளிப்பக்க பீடிங் டிஸ்க்கின் நடுப்பள்ளத்தில் விழுந்துவிடும். மிச்சக் காற்றும் அந்த நொடியே போய்விடும். ஜாக்கி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பலகை தேடி வைத்து ஸ்டெப்னி மாட்டி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அன்றிலிருந்து ஒரு கனமான பலகை என் வண்டியிலேயே கிடக்கிறது, நீங்களும் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பீட்லாக் பிடிப்பது இந்த வெளிப்பக்க பீடிங்கைத்தான். அந்த டிஸ்க்கில் வெளி விளிம்புக்குப் பதில் ஒரு தட்டையான முகம் இருக்கும். பீடிங்கை அதன்மேல் வைத்து, மேலே ஒரு வளையத்தைப் போட்டு, சுற்றிலும் இருபது, முப்பது போல்ட்டால் இறுக்குவார்கள். இரண்டு இரும்புக்கு நடுவே பீடிங் மாட்டிக்கொள்கிறது. காற்று செய்த வேலையைப் போல்ட் செய்கிறது. அதனால்தான் பாறை ஏறுகிற போட்டி வண்டிகள் ஆறு, ஏழு பவுண்டில்கூட ஓடுகின்றன. ராணுவ வண்டிகளில் வேறு மாதிரி: இரண்டு துண்டாகப் பிரிகிற டிஸ்க், உள்ளே ஒரு வளையம், அது இரண்டு பீடிங்கையும் விளிம்போடு நெருக்கி வைத்திருக்கும்.

சரி, உங்களுக்குத் தேவையா? வேண்டாம் என்பேன். போல்ட்டை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரென்ச் வைத்து ஒரே அளவில் இறுக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும், பிறகும் அடிக்கடி. ஒரு பக்கம் தளர்ந்தால் காற்று கசியும். டிஸ்க் கனம், பேலன்ஸ் செய்வதும் பாடு. தினமும் பட்டிவீரன்பட்டிக்கு மலைப்பாதையில் இறங்குகிற வண்டிக்கு இத்தனை கவனிப்பு யாரால் முடியும்?

காற்றை 18 பவுண்டோடு நிறுத்துங்கள். டயரைக் கழற்றும்போது பீடிங் உட்காருகிற இடத்துத் துருவை வயர் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். துருவின் மேல் எந்த டயரும் ஒழுங்காக உட்காராது. பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்குங்கள், இதில் மட்டும் யோசிக்க வேண்டாம். தார் ரோட்டைத் தொடுமுன் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், ஸ்டியரிங்கும் சொன்ன பேச்சு கேட்காது.

அழகுக்காகச் சுற்றிலும் போல்ட் பதித்த டிஸ்க்குகளும் விற்கிறார்கள். அவை எதையும் பிடிக்காது, நம்பிக் காற்றை இறக்காதீர்கள். நிஜ பீட்லாக்காக இருந்தால், உள்ளே காற்று இருக்கும்போது வளையத்துப் போல்ட்டில் ஸ்பானரே வைக்கக் கூடாது. முதலில் வால்வு ஊசியைக் கழற்றி முழுக்கக் காற்றை விட்ட பிறகுதான். வளையம் தெறித்தால் கை போய்விடும் தம்பி.

கேள்வி: மண் பாதை பைக்குகளில் வால்வு தவிர இன்னொரு போல்ட்டும் ரிம்மில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன?
– வாசகர், பூம்பாறை

பதில்: அது ரிம் லாக். உள்ளே ரப்பர் பூசிய ஒரு கட்டை இருக்கும். வெளியே நட்டை இறுக்கினால் அது பீடிங்கை ரிம்மோடு அழுத்தும். காற்று குறைவாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ரிம் மட்டும் சுற்றி, டயரும் ட்யூபும் பின்தங்கி, வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இது. பஞ்சர் ஒட்டும்போது நட்டைத் தளர்த்திக் கட்டையை உள்ளே தள்ளிவிட்டு அப்புறம் லீவர் போடச் சொல்லுங்கள்.