மழைக்காலம் அல்லாத ஆடியில் காவிரிக்குப் பெருக்கு எப்படி வருகிறது?

தஞ்சைப் பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே, பிறகு ஏன் ஆடி 18-இல் பெருக்கு கொண்டாடுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த நீர் நம் ஊர் மழையால் வருவதன்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழை, காவிரியாகவும் கபினியாகவும் இறங்கி ஒன்றுசேர்ந்து, அணைகள் இல்லாத காலத்தில் இந்நாளையொட்டிப் புதுவெள்ளமாக நம் படித்துறைகளைத் தொட்டது. உழவுக்கு உயிரான அந்த நீரை எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கருவுற்ற மகளாகவே எண்ணுகின்றன. அவளது மசக்கைக்காகத்தான் புளியோதரையும் எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்ச் சாதமும் ஆற்றங்கரைக்குப் போகின்றன.

வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணியும் (ஓலைத் தோடும் கருமணியும்) காப்பரிசியும் (வெல்லம் கலந்த ஊறவைத்த அரிசி) படைத்த பின், வீட்டின் மூத்த சுமங்கலி மஞ்சள் சரட்டைப் பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்கு மணிக்கட்டிலும் கட்டிவிடுவார். அவ்வாண்டு மணமானவர்கள் பத்திரப்படுத்திய திருமண மாலைகளை நீரில் விடுவர். மாலையும் பூவும் கரைந்துவிடும்; பழந்துணியையும் நெகிழிப் பையையும் சேர்த்து விடுவது, தாயாக வணங்கும் ஆற்றுக்குச் செய்யும் தீங்கு என்பதே என் உறுதியான கருத்து.

1934-இல் மேட்டூர் அணை வந்தபின் ஆடி வெள்ளம் இயற்கையின் கையில் மட்டும் இல்லை. வறண்ட ஆண்டுகளில் இந்த நாளுக்கென்றே அணையிலிருந்து நீர் திறந்ததும் உண்டு. அதுவும் வந்து சேராத ஊர்களில் அடிபம்புக்குப் பொட்டிட்டு அதன் முன்னேயே படைக்கிறார்கள்.